கிண்ணத்துக்குப் பொன்னாடை

ஓர் இனத்தின் உயரத்தை அது தூக்கிப் பிடிக்கும் கிண்ணத்தைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது மொன்றியல் தமிழ்ப் பண்பாட்டு, விளையாட்டு, விருந்தோம்பல் பேரவையின் அசைக்க முடியாத கொள்கை. இக்கொள்கை சென்ற வைகாசியில் ஒருநாள், தொலைக்காட்சிச் செய்தி முடிந்து விளம்பரம் தொடங்குவதற்குள் உருவானது.

செய்தி இதுதான். பெண்களுக்கான தொழில்முறை ஐஸ் ஹொக்கியில் எங்கள் நகரத்து அணி வெற்றிக் கிண்ணத்தைக் கைப்பற்றிவிட்டது. மேலதிக நேரத்தில் எதிரணி அடித்த அடியைக் குறுக்கே விழுந்து மறித்த கோல்கீப்பரின் பெயர் சாம்பவி. எங்கள் நகரத்துப் பியர்பொன்ட்ஸ் பகுதியில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

“எங்கட பிள்ளை!” என்று தொலைபேசியில் முழங்கினார் பேரவைத் தலைவர் யோகேந்திரன். “அவள் விளையாடுறது என்ன விளையாட்டெண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லும்.”

நான் பேரவையின் வரலாற்று உபகுழுத் தலைவர். அந்த உபகுழுவின் ஏகமனதான உறுப்பினரும் நானே. ஆகவே ‘கிண்ணத்தின் வரலாறு’ என்ற ஆய்வுரையை அவசரக் கூட்டத்தில் வாசிக்கும் பொறுப்பு என் தோளில் விழுந்தது.

ஹொக்கிக் கிண்ணங்களில் பேர்பெற்றது, ஆண்கள் லீக்கில் இன்றும் வழங்கப்படும் பெரிய வெள்ளிக் கிண்ணம். அதை 1892இல் அன்பளிப்பாக அறிவித்தவர் அந்நாளைய மகாதேசாதிபதி. முதலில் வென்றது மொன்றியல் அணி. ஆனால் அதற்காக நடந்த இறுதி ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்க்காமல் அந்தப் பிரபு சீமைக்குக் கப்பலேறிவிட்டார். இந்த இடத்தை வாசித்தபோது தலைவர் நெகிழ்ந்துபோனார்.

“விளங்குதோ? பெரிய மனிசர் விளையாட்டைப் பாக்கத் தேவையில்லை.”

வென்றவர்களின் பெயர்களைக் கிண்ணத்தில் பொறிப்பார்கள், அவற்றோடு பயிற்றுநர், உரிமையாளர் பெயர்களும் இருக்கும் என்ற பகுதிக்கு வந்ததும் செயலாளர் அருமைராசா கை உயர்த்தினார்.

“அப்ப விளையாடாத ஆக்களின்ர பேரும் வெட்டலாமோ?”

“வெட்டியிருக்கினம்.”

“அருமையான கிண்ணம்!” என்றார் அருமைராசா. கூட்டம் மேசையைத் தட்டி ஆமோதித்தது.

மொன்றியல் ஆண்கள் 1993க்குப் பிறகு அதைத் தூக்கவில்லை என்ற வரியைத் தலைவர் நீக்கச் சொன்னார். “சோகமான வரலாறு எங்களிட்ட வேண்டிய அளவு இருக்கு.”

பெண்களின் கிண்ணம் இதற்குத் தங்கை முறை. வென்ற அணியில் ஒவ்வொருவரும் கிண்ணத்தை ஒரு நாள் தன்னோடு வைத்திருக்கும் வழக்கத்தை அது அண்ணனிடம் கற்றிருந்தது. சாம்பவி தன் நாளில் அதை ஒரு கார்டெரிக்கு, அதாவது குழந்தைகள் காப்பகத்துக்கு, கொண்டுபோகத் தீர்மானித்திருந்தாள். அவளுடைய தாய் நிரோஜா அங்கேதான் குழந்தைகளைப் பராமரிக்கிறார்.

இந்த விபத்தைத் தடுப்பதற்காகத் தலைவர் கூட்டத்தில் இருந்தபடியே நிரோஜாவை அழைத்தார். எல்லோரும் கேட்கும்படி தொலைபேசி மேசை நடுவில் வைக்கப்பட்டது.

“தங்கச்சி, கிண்ணம் இனத்துக்குரியது, அது எங்கட விழாவுக்கு வரோணும். பால்குடியளுக்கு அதைக் காட்டி என்ன பிரயோசனம்?”

“அண்ணை, பிள்ளை சின்னனா இருக்கேக்கை உங்கட விளையாட்டுப் பிரிவின்ர ஆதரவு கேட்டு வந்தனான். என்ன சொன்னனீங்கள் எண்டு ஞாபகமிருக்கோ?”

“என்ன சொன்னனான்?”

“பொம்பிளைப் பிள்ளை பல்லை உடைச்சுக்கொண்டு வந்தா ஆர் கட்டுவான் எண்டு.”

தலைவர் தடுமாறவில்லை. “பாத்தியளோ, அப்பவே அவளின்ர பல்லில எனக்கு எவ்வளவு அக்கறை!”

மறுமுனையில் தொலைபேசி கைமாறியது. பிறகு சாம்பவியின் குரல் வந்தது. “ஒரு மணித்தியாலம் தாறன், அங்கிள். உங்கட விழாவில ஒருக்கா முன்வரிசையில இருக்கோணும் எண்டு அம்மாக்கு ஆசை. அதுக்காகத்தான்.”

“முன்வரிசை உங்கடதுதான்!” என்றார் தலைவர்.

சாம்பவியின் கிண்ண நாளான சனிக்கிழமை காலை, பக்கத்து லவால் நகரில் ஒரு மண்டபம். பேரவை வரலாற்றிலேயே முதன்முறையாக விழா குறித்த நேரத்துக்குத் தொடங்கியது. கிண்ணம் காத்திராது என்பதே காரணம். வெள்ளைக் கையுறை அணிந்த கிண்ணக் காவலர் ஒருவர் அதைத் தூக்கிவந்து மேடையின் நடுக் கதிரையில் வைத்தார். பிரெஞ்சு பேசும் அமைதியான மனிதர். தலைவர் கிண்ணத்துக்குப் பொன்னாடை போர்த்தினார். சந்தனப் பொட்டு வைக்கப்போனபோது மட்டும் காவலர் அவர் விரலைப் பணிவோடு பிடித்துக்கொண்டார்.

அதேவேளை வாசலில் எங்கள் பாதுகாப்பு உபகுழு கண்ணும் கருத்துமாக இயங்கியது.

“தங்கச்சி, சிறப்பு விருந்தினர் கைப்பட்டி எங்கை?”

“நான் சாம்பவி.”

“பேர் சொன்னாக் காணாது. பட்டி வேணும்.”

“இவள்தானே தம்பி விளையாடினது!” என்றார் நிரோஜா.

“வாற எல்லாரும் பிள்ளைக்குச் சொந்தம் எண்டுதான் சொல்லுகினம், அக்கா.”

ஒருவழியாக உள்ளே வந்தார்கள். முன்வரிசையில் நிர்வாகசபையின் துணைவியரும், துணைவியரின் கைப்பைகளும் அமர்ந்திருந்தபடியால், தாய்க்கும் மகளுக்கும் கடைசி வரிசையில், வடைத் தட்டுகளுக்கு அருகே, இரண்டு கதிரைகள் ‘மனமுவந்து’ வழங்கப்பட்டன. நிரோஜா உடுத்தியிருந்தது புதுச் சேலை. அதன் தலைப்பை மடியில் சுருட்டிக்கொண்டிருந்தார். சாம்பவி மேடையைப் பார்க்கவில்லை. தாயின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கேற்றல், வரவேற்புரை, வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு நன்றியுரை, என் ஆய்வுரை. ‘கோல்கீப்பர்’ என்ற சொல் நேரம் போதாமையால் எல்லா உரைகளிலிருந்தும் விடுபட்டது. இறுதியாகத் தலைவர், “இப்ப நான் கிண்ணத்தைத் தூக்கப்போறன்!” என்று அறிவித்துக் கை நீட்டினார்.

காவலர் இடையில் வந்து நின்று ஏதோ சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். “வென்ற ஆக்கள் மட்டும்தான் தூக்கலாமாம்.”

“இனமா வென்றனாங்கள் எண்டு சொல்லும்.”

சொன்னேன். காவலர் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்.

“ஐயா எந்த இடத்தில நிண்டு விளையாடினவர் எண்டு கேக்கிறார்.”

“தலைவர்,” என்றார் யோகேந்திரன்.

“மற்ற ஐயா?”

“செயலாளர்,” என்றார் அருமைராசா நெஞ்சை நிமிர்த்தி.

காவலர் தலையாட்டினார். மீண்டும் கேட்டார்.

“அப்ப கோலுக்கை நிண்டது ஆராம்?”

கடைசி வரிசையில் கதிரையொன்று நகரும் சத்தம் கேட்டது. சாம்பவி தாயின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு மேடைக்கு வந்தாள். கிண்ணத்தைத் தூக்கினாள். பொன்னாடை நழுவித் தரையில் விழுந்தது.

“அம்மா, பிடியுங்கோ.”

“ஐயோ, நான் வெல்லேல்லையே பிள்ளை.”

“விடியாத இருட்டில, பனி கொட்டக் கொட்ட, என்னை ஐஸ் அரினாவுக்கு ஏத்திக்கொண்டு போனது ஆர்?”

காவலர் அந்நேரம் பார்த்துத் தன் கையுறையில் இல்லாத அழுக்கைத் தேடத் தொடங்கினார். நிரோஜா கிண்ணத்தைத் தலைக்குமேல் தூக்கினார். கண்ணீர் ஓடியது. துடைக்கக் கை இல்லை. பின்வரிசைகள் எழுந்து நின்று கைதட்டின. விழா முடிந்துவிட்டதென்று நினைத்து முன்வரிசையும் தட்டியது.

“மணித்தியாலம் முடிஞ்சுது, அங்கிள். மெர்சி,” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள் சாம்பவி. தாய், மகள், காவலர் மூவரும் கிண்ணமும் போய்விட்டார்கள்.

தலைவர் பொன்னாடையை எடுத்து வெறுங்கதிரைக்குப் போர்த்திவிட்டுத் தன் உரையைத் தொடர்ந்தார். கிண்ணத்தைத் திருப்பி அழைத்துவர நான் அனுப்பப்பட்டேன்.

பியர்பொன்ட்ஸ் கார்டெரியின் முற்றத்தில் கண்ட காட்சியை வரலாற்றாசிரியன் என்ற முறையில் மறைக்க முடியாது. கிண்ணம் புல்லில் இருந்தது. அதற்குள் ஒரு குழந்தை, முகமெல்லாம் ஆரஞ்சுச் சாறு. சனிக்கிழமை என்றும் பாராமல் வந்திருந்த மற்றக் குழந்தைகள் முறைக்காக வரிசையில் நின்றார்கள். நிரோஜா சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு புல்லில் அமர்ந்து, நான் முன்னெப்போதும் கேட்டிராத சத்தத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். உரை எதுவும் நிகழவில்லை.

என் அறிக்கையைக் கேட்டு நிர்வாகசபை அதிர்ந்தது. வெற்றிக் கிண்ணம் தகுதியற்றோர் கையில் சிக்கியமைக்குக் கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. இனிமேல் இப்படி நேராமல் இருக்க என்ன வழி என்று அருமைராசா கேட்டார்.

யோகேந்திரன் கண்ணை மூடி யோசித்தார். “அடுத்தமுறை கிண்ணத்தை மட்டும் கூப்பிடுவம். விளையாடின ஆக்கள் வேண்டாம்.”

இதில் புதிதாக எதுவும் இல்லை, பேரவை தொடங்கிய நாள்முதல் நாங்கள் கடைப்பிடித்துவரும் மரபே இதுதான் என்று வரலாற்று உபகுழுவின் சார்பில் நான் சுட்டிக்காட்டினேன். அதைப் பாராட்டாக ஏற்று, எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.