சிக்னல் பாறையில் உறுமிய பெட்டி

"வழி விடுங்க! ஏய், கொஞ்சம் வழி விடுங்கப்பா!"

றொபின்சன் பக்கவாட்டாக நுழைந்தான். ஒரு முழங்கையை ஒதுக்கினான். ஒரு சேவலைத் தாண்டினான். யாரோ தோளில் சுமந்து நின்ற வாழைக்குலை அவன் காதில் இடித்தது. முன்னால் முந்நூறு முதுகுகள். அவற்றுக்கு அப்பால் எங்கோ அவனுடைய அம்மா நின்றுகொண்டிருந்தாள், குற்றவாளியாக.

"எங்கய்யா இப்பிடி முட்டிக்கிட்டுப் போறீங்க? நாங்களும் விடிஞ்சதுலருந்து இங்கதான் நிக்கிறோம்!" என்று சேவல்காரர் சீறினார்.

"எங்கம்மாவத்தான் அங்க நிக்க வச்சிருக்காங்க."

"ஓ, செபஸ்தியம்மா மகனா?"

சேவல்காரர் சட்டென்று இரண்டடி விலகினார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் விலகினார்கள். மரியாதையால் அல்ல, செய்வினை ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தால். செய்வினைக்காரியின் மகனாக இருப்பதில் இப்படி ஒரு வசதி: எந்தக் கூட்டத்திலும் பாதை கிடைக்கும்.

2004ஆம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணி. மடுல்சீமைக்கு மேலே, பஸ் போகாத, போனாலும் திரும்பி வருமா என்று சொல்ல முடியாத ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே மூன்று நாளாகப் பொட்டிச்சாமியின் ஆட்சி.

பொட்டிச்சாமி யார்? அப்புத்தளையில் ஓர் ஊமையைப் பேச வைத்தவர், ஒரு முடவனை ஓட வைத்தவர். மொனராகலையில் காய்ந்த கரும்புத் தோட்டத்துக்கு மழையை வரவழைத்தவர். இதையெல்லாம் பார்த்த ஆள் இருக்கிறாரா? இருக்கிறார். பொட்டிச்சாமிதான்.

அவர் வந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. மூன்று வாரமாக, மலை ஊற்றிலிருந்து வரும் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் நாலாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், வயிற்றோட்டம். கொழுந்து பறிக்கும் செபஸ்தியம்மா ஒரு நாள் காலைப் பெரட்டில், தோட்டமே வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடியிருந்த இடத்தில், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "பீலித் தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க. மேல மாட்டுப்பட்டி இருக்கு. மழை பேஞ்சா சாணியெல்லாம் பீலிக்குத்தான் எறங்குது. பட்டிய மாத்தச் சொல்லிக் கேட்டா ஒருத்தரும் கேக்குறதில்ல."

தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டுமாம்! இதைக் கேட்க யார் காணிக்கைச் சேவலோடு வருவார்கள்? பொட்டிச்சாமி வந்து "செய்வினை" என்றார். தோட்டம் முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. செய்தது யார் என்று சாமியின் பெட்டி மூன்று நாளில் கண்டுபிடித்துவிட்டது. தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்ன அதே செபஸ்தியம்மா! இன்று பெட்டி கடைசித் தடவையாகச் சாட்சி சொல்லும். சொன்னதும் அவளுடைய சட்டி பானை லயத்து வாசலுக்கு வரும். அந்த ஒற்றை அறைக் காம்பராவில் அவள் இருபத்தாறு வருடம் இருந்தாள்.

றொபின்சனுக்கு இது தெரிந்தது நேற்று மாலை. பதுளையில் ஒரு கம்பனியின் கம்பியூட்டர்களைக் கவனிப்பது அவன் வேலை. கவனிப்பது என்றால், பாதி நேரம் மேசைக்கு அடியில் கிடப்பது. அப்படிக் கிடந்தபோதுதான் அவன் போன் அடித்தது. ஒரு பெண் குரல். கிசுகிசுப்பு.

"நாளைக்குப் பத்து மணிக்கு ஒங்கம்மாவ லயத்த விட்டுத் தொரத்தப் போறாங்க. சீக்கிரம் வாங்க."

"யாருங்க நீங்க?"

அழைப்பு அறுந்தது. திரையில் தெரியாத ஓர் எண், முடிவில் 774. யாரோ டவுனுக்கு ஓடிப்போய்ப் பேசியிருப்பார்கள் என்று நினைத்தான். தோட்டத்தில்தான் சிக்னலே கிடையாதே.

கடைசி முதுகையும் தள்ளிவிட்டு அவன் முன்னால் வந்து நின்றான்.

"சாப்ட்டியாடா?" என்றாள் செபஸ்தியம்மா. கோயிலடிப் பாறையின் கீழ், கையைக் கட்டியபடி, வழுக்கி விழுந்து கோணிப்போன இடது காலை ஒரு பக்கம் சாய்த்து நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் கேட்டது அதைத்தான்.

"அம்மா, ஒன்னைய வெளிய தள்ளப் போறாங்க. சாப்ட்டியாங்கிறே!"

"தள்ளுறவங்க தள்ளட்டும். நீ பசியோட நிக்காதே."

பாறையின் மேல் பொட்டிச்சாமி வீற்றிருந்தார். காவி வேட்டி, கறுப்புக் கண்ணாடி. பக்கத்தில் சிவப்புப் பட்டு சுற்றி, மாலை போட்ட பெட்டி; உள்ளே அம்மன் இருக்கிறாளாம். அதற்கும் பக்கத்தில் வீரசிங்கம் கங்காணி. இடது கையில் பெரட்டுக் கொப்பி, வலது கை கோட்டுப் பைக்குள். மலைக் குளிர் அப்படி.

முறை எளிமையானது. கங்காணி கொப்பியைப் பார்த்துப் பெயர் வாசிப்பார். பெயருக்கு உரியவர் வந்து பெட்டியைத் தொடுவார். நல்லவர் என்றால் பெட்டி மௌனம். கெட்டவர் என்றால் உறுமும். தினமும் விடிந்ததும் அந்தக் கொப்பிக்கு "ஏ" என்று குரல் கொடுத்தே பழகிய சனம். கொப்பியில் வாசித்தால் அது வேதம்.

"முத்துராக்கு!" மௌனம். "பாக்கியநாதன்!" மௌனம். கங்காணி தொண்டையைச் செருமினார். "செபஸ்தியம்மா!"

அவள் நொண்டிக்கொண்டு ஏறினாள். விரல் பட்டைத் தொட்டது. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு.

டிட்டிட்... டிட்டிட்... டிட்டிட்... டர்ர்ர்ர்ர்!

கூட்டம் அலறியது. ஒருத்தி சாமியாடினாள். சேவல்கூடக் கூவியது. ஒரே ஓர் ஆள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். றொபின்சன்.

அந்த உறுமலை அவனுக்குத் தெரியும். சட்டைப்பையில் இருந்த கோளாறுக் கொப்பியில் அதற்கு ஒரு பதிவே உண்டு. நான்கு வருடமாக எழுதி வருகிறான், நான்கு கட்டம் போட்டு:

*கோளாறு: பிரிண்டர் செத்துவிட்டது. காரணம்: பேப்பர் போடவில்லை. தீர்வு: பேப்பர். கூப்பிட்டவர்: மனேஜர்.*

*கோளாறு: போனின் முதுகில் தங்க ஸ்டிக்கர் ஒட்டியும் சிக்னல் கூடவில்லை. காரணம்: அது ஸ்டிக்கர். தீர்வு: கிழி. கூப்பிட்டவர்: மனேஜர்.*

*கோளாறு: கதிர்வீச்சை உறிஞ்ச மொனிட்டர் முன்னால் வைத்த கள்ளிச்செடி வாடிவிட்டது. காரணம்: தண்ணீர் ஊற்றவில்லை. தீர்வு: ஊற்று. கூப்பிட்டவர்: வேறு யார்?*

*கோளாறு: ஸ்பீக்கர் டிட்டிட் டிட்டிட் என்று உறுமுகிறது, பேய் போல. காரணம்: பக்கத்தில் இருக்கும் கைத்தொலைபேசிக்கு அழைப்பு வருகிறது. தீர்வு: போனைத் தள்ளி வை. என்னைக் கூப்பிடாதே.*

றொபின்சன் தன் போனை எடுத்துப் பார்த்தான். பஸ் இறங்கியதிலிருந்து செத்துக் கிடந்த திரையில் இப்போது நாலு கோடு. தோட்டம் முழுக்க இல்லாத சிக்னல் இந்த ஒரு பாறையில் நிற்கிறது. எத்தனையோ ஏக்கர் தேயிலையில் அம்மனின் அருள் இறங்க வேறு இடமே கிடைக்கவில்லையாம்.

பெட்டிக்குள் ஒரு ஸ்பீக்கரும் ஒரு போனும். சரி. அந்தப் போனுக்கு அழைப்பு எடுப்பது யார்?

"ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று." கொப்பியின் முதல் பக்கத்தில் அவன் எழுதி வைத்திருந்த விதி அது.

"சாமி!" என்று கத்தினான். "ஒரு சின்ன வெளக்கம் வேணுங்க. பெட்டிக்கு மனுசரோட மனசு தெரியுமா, இல்ல மொகம் மட்டுந்தான் தெரியுமா?"

"மனசுக்குள்ள ஒளிஞ்ச அழுக்கே தெரியும்டா!"

"அப்ப மொகம் தேவையில்ல. ஏழு பொம்பளைங்க புள்ளக்காம்பராவுக்குள்ள போகட்டும். இடுப்புல படங்குச் சாக்கு, தலையோட கம்பளி. மழைக்கு மலைக்குப் போற மாதிரி. பேர் வாசிக்க வேணாம். ஒவ்வொருத்தரா வந்து தொடட்டும். அதுல எங்கம்மாவ பெட்டி கண்டுபிடிச்சா, சாமானத் தூக்கி வெளிய வைக்கிறது நானேதான்."

"அம்மனச் சோதிக்கிறியா?" பொட்டிச்சாமி எழுந்தார்.

"அம்மன இல்லீங்க. பொட்டிய."

கூட்டத்துக்கு இது பிடித்துவிட்டது. பக்தியை விட வேடிக்கை எப்போதும் ஒரு படி மேல். "செய்யட்டுமே சாமி! துடியான தெய்வத்துக்கு மொகம் எதுக்கு?" என்று பாக்கியநாதன் குரல் கொடுத்தார். சாமி கங்காணியைப் பார்த்தார். கங்காணி லேசாகச் சிரித்தார்.

"போகட்டும் சாமி. நம்ம பொட்டிக்கென்ன பயம்?"

செபஸ்தியம்மாவும் இன்னும் ஆறு பெண்களும், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளைப் பகலில் விட்டுச்செல்லும் அந்தக் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். அப்போதுதான் றொபின்சன் யோசித்தான். கங்காணி ஏன் சிரித்தார்?

அம்மாவின் கால்!

கம்பளி முகத்தை மறைக்கும். நொண்டலை எது மறைக்கும்? சோதனை வைக்கத் தெரிந்த மடையனுக்குப் பெற்றவளின் கால் மறந்துபோயிற்று. கதவை நோக்கி ஓடினான். நேரம் கடந்துவிட்டது. முதல் கம்பளி வெளியே வந்தது.

நேராக நடந்தது. தொட்டது. மௌனம்.

இரண்டாவது. மௌனம். மூன்றாவது. மௌனம். கூட்டம் மூச்சை அடக்கியது.

நான்காவது கம்பளி வாசல் தாண்டியது. இடது கால் இழுத்தது. ஒரு நொண்டல். இன்னொன்று. றொபின்சன் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு விரல் பட்டில் பட்டது.

டிட்டிட்... டிட்டிட்... டர்ர்ர்ர்ர்!

"அவதான்! அவளேதான்!" முந்நூறு தொண்டைகள். பொட்டிச்சாமி பாய்ந்து கம்பளியைப் பிடுங்கினார். "பாருங்கடா பாவிய!"

பார்த்தார்கள்.

கம்பளிக்குள் நின்றவள் குணமணி. வீரசிங்கம் கங்காணியின் மனைவி.

கங்காணியின் வாய் திறந்தது. பெரட்டுக் கொப்பி கையிலிருந்து விழுந்தது. முதலில் வந்து ஓரமாக நின்ற கம்பளி தானாகவே விலகியது. உள்ளே செபஸ்தியம்மா, வலியில் பல்லைக் கடித்தபடி.

"நான் மொதல்லயே வந்து தொட்டுட்டனே! ஒங்க பொட்டி தூங்கிக்கிட்டா இருந்திச்சு?"

சாமியார்களுக்கு ஒரு திறமை உண்டு. தரை விலகினாலும் அந்தரத்தில் நிற்பார்கள். "தாவிருச்சு!" என்று அலறினார் பொட்டிச்சாமி. "செய்வினை இவ மேல தாவிருச்சு!"

"அப்பிடியா?" குணமணி இடுப்பில் கை வைத்தாள். "அப்ப என்னையும் லயத்த விட்டுத் தொரத்துங்க. வாங்க, யாரு மொதல்ல என் சட்டியத் தொடுறது?"

ஒருவரும் வரவில்லை. கங்காணி வீட்டுச் சட்டியைத் தொட்டால் நாளைக்குப் பெரட்டில் பெயர் விழாது. செய்வினை பற்றிய அறிவு அந்தக் கணத்தில் தோட்டம் முழுவதும் தெளிந்தது.

றொபின்சன் பாறை மேல் தாவினான்.

"பட்டத் தொட்டே, ரத்தம் கக்குவே!"

"கக்குனா தொடைக்கத் துணி வேணுமில்ல?" என்றபடி பட்டை உருவினான்.

உள்ளே ஒரு பழைய ஸ்பீக்கர். அதை ஓட்ட ஒரு கார் பற்றறி. இரண்டுக்கும் நடுவில், சத்தம் அணைத்து வைத்த ஒரு கைத்தொலைபேசி. அதை மேலே தூக்கிக் காட்டினான்.

"இதுதாங்க ஒங்க அம்மன். இதுக்கு யாராச்சும் கோல் எடுத்தா ஸ்பீக்கர் இப்பிடித்தான் கத்தும். இப்ப இதுக்கு எடுத்தது யாருன்னு பாப்பமா?"

திரையில் தவறிய அழைப்புகள் பதினொன்று. பதினொன்றும் ஒரே எண்ணிலிருந்து. எண்ணைப் பார்த்த றொபின்சன் தன் போனையும் எடுத்து ஒரு முறை பார்த்தான். பிறகு பெட்டிப் போனின் பச்சைப் பொத்தானை அழுத்தினான்.

பாறை மேல் கிணுகிணுவென்று ஒரு மெட்டு கேட்டது. எங்கிருந்து? எல்லாத் தலைகளும் திரும்பின. வீரசிங்கம் கங்காணியின் கோட்டுப் பையிலிருந்து. வாங்கிய நாளிலிருந்து ஒருவரும் அவருக்கு அழைப்பு எடுத்ததில்லை. அதனால் அதன் வாயைக் கட்டி வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

"கங்காணி," என்றார் பாக்கியநாதன் மெதுவாக, "அந்த மாட்டுப்பட்டி ஒங்களோடதுதானே?"

கங்காணி கோட்டுப் பையைப் பொத்தினார். போன் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

பொட்டிச்சாமி தேயிலைச் செடிகளுக்கு ஊடாகக் கீழே இறங்கி ஓடிய வேகத்தைப் பார்த்தால், கால் ஊனத்தைக் குணமாக்குவார் என்பது மட்டும் உண்மையாக இருக்கலாம். விட்டுப்போன சேவல்களில் எது யாருடையது என்ற சண்டை மத்தியானம் வரை நடந்தது. புதன்கிழமை சுகாதாரப் பரிசோதகர் வந்தார். பீலியைப் பார்த்தார். மூக்கைப் பொத்தினார். பட்டி இடம் மாறியது. செபஸ்தியம்மாவின் சட்டி பானை அடுப்படியிலேயே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பும்போது நாலு பேர் றொபின்சனை மறித்தார்கள். "தம்பி, ஒங்ககிட்டத்தான் சக்தி இருக்கு. இந்தக் கையக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"கையக் கழுவுங்க. அவ்வளவுதான் சொல்லுது," என்றான்.

பஸ் பசறையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. றொபின்சன் கொப்பியைத் திறந்து மடியில் வைத்தான்.

*கோளாறு: பெட்டி உறுமியது. முந்நூறு பேர் நடுங்கினார்கள்.*

*காரணம்: உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.*

*தீர்வு: பெட்டியைத் திறக்க இரண்டு கை வேண்டும். மூளையைத் திறக்க அதுகூட வேண்டாம். திறந்து பழகுங்கள்.*

நான்காவது கட்டம் மிச்சம். போனை எடுத்து நேற்றைய எண்ணை மறுபடி பார்த்தான். முடிவில் 774. கங்காணியின் பையில் அடித்ததும் அதே எண். புருஷன் குளிக்கப் போன நேரத்தில் அவருடைய போனோடு பாறைக்கு ஓடிவந்து கிசுகிசுத்தவள், மறுநாள் தன் நல்ல காலை நொண்டிக் காட்டியவள், அதே பீலித் தண்ணீரைக் குடித்துக் காய்ச்சலில் கிடக்கும் ஒரு பிள்ளைக்குத் தாய்.

பஸ் குலுக்கலில் எழுத்து கோணியது. பரவாயில்லை. எழுதினான்.

*கூப்பிட்டவர்: குணமணி அக்கா.*