கரடி தூங்கும்போது எழுதியது

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம், பொம்மை பிரமாதம் என்று போன வாரம் ஒரு கடிதம் வந்திருக்குமே, அது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதியது. இதுதான் நிஜக் கடிதம். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு பென்சிலால் எழுதுகிறேன். பேனா மூடியைத் திறந்தால் 'டக்' என்று கேட்கும், கரடி எழுந்துகொள்ளும்.

உங்கள் பொம்மைக் கடையில் யார் எதைத் திருப்பிக் கொடுத்தாலும் அதை எங்களுக்கு ஆசையாக அனுப்பிவிடுகிறீர்கள். ஏன் திருப்பிக் கொடுத்தார்கள் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா மாமா? சக்கரம் வைத்த அலாரக் கடிகாரம் அடித்துக்கொண்டே ஓடி பீரோவுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இப்போது தினமும் காலையில் எங்களை எழுப்புவது பீரோதான். உண்டியல் முதலை அப்பாவின் விரலைக் கவ்வியது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். இந்தக் கரடியோடுதான் முடியவில்லை. சத்தம் கேட்டால் போதும், கண் சிவப்பாக எரிய, "என்னோட விளையாட வா!" என்று கத்திக் கைதட்டிப் பாடுகிறது. தூக்கி வைத்துத் தட்டிக்கொடுத்தால்தான் அடங்கும். பேட்டரியைக் கழற்றலாமென்றால் மூடியில் இருக்கும் ஸ்க்ரூவுக்கு மூன்று மூலைத் தலை. அப்பாவிடம் இருக்கும் எந்த ஸ்க்ரூ டிரைவரும் அதில் உட்காரவில்லை.

எங்கள் வீடு உங்களுக்குத் தெரியாததா? அப்பாவுக்கு மாவு மில்லில் வேலை, அம்மாவுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் டிக்கெட் கொடுக்கும் வேலை, இரண்டு பேருக்கும் மெதுவாகப் பேசவே வராது, சண்டை வந்தால் தெருமுனை வரை கேட்கும். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் மேலே வந்து, "இன்னொரு தடவை ராத்திரி சத்தம் கேட்டுச்சுன்னா வீட்டைக் காலி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போன மறுநாள்தான் உங்கள் பார்சல் வந்தது.

"ஜன்னல் வழியா தூக்கி எறியப் போறேன்" என்றார் அப்பா.

"என் தம்பி அனுப்பினது. தொட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் அம்மா.

கரடி இரண்டு பேரையும் விளையாடக் கூப்பிட்டது.

அன்றிலிருந்து வீட்டில் சண்டையெல்லாம் சைகைதான். நேற்று கேஸ் தீர்ந்துபோனதை அம்மா காற்றில் உருண்டையாக வரைந்து காட்டித் திட்டினாள். அப்பா போய்ப் பூசணிக்காய் வாங்கி வந்தார். அம்மா தலையணையில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பொம்மை உனக்குத்தானே வந்துச்சு" என்று கரடியை என் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது மாமா. வகுப்பில் டீச்சர் சத்தமாகக் கூப்பிட்டதும் தூக்கக் கலக்கத்தில் எழுந்துபோய் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டேன். மாடிப்படியில் யார் நடந்தாலும் வீட்டுக்காரர்தான் காலி பண்ணச் சொல்ல வருகிறார் என்று கரடியைப் போர்வைக்குள் ஒளித்துக்கொள்கிறேன். அந்த மூன்று மூலை ஸ்க்ரூ டிரைவரை உடனே அனுப்புங்கள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

அத்தையை விசாரித்ததாகச் சொல்லவும். மெதுவாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தூக்கமில்லாத மருமகள்

பின்குறிப்பு: இது காலையில் எழுதுவது. வீட்டுக்காரர் வந்தேவிட்டார். "என்ன சார், ஒரு வாரமா உங்க ரெண்டு பேர் சத்தமே காணோம்? உடம்புகிடம்பு சரியில்லையா?" என்று வாசலிலேயே நின்று மெதுவாகக் கேட்டார். அப்பா கிசுகிசுப்பாக விஷயத்தைச் சொல்லிக் கரடியைக் காட்டினார். "அட, அந்தப் பாட்டா? அது பாட்டுக்குப் பாடட்டும். உங்க ரெண்டு பேர் சண்டைக்கு அது எவ்வளவோ தேவலை. காலியெல்லாம் பண்ண வேண்டாம், இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா சந்தோஷத்தில், "நிஜமாவா!" என்று கத்திவிட்டாள். கரடி பாடியது. அப்பாவே தூக்கி வைத்துத் தட்டிக்கொடுத்தார்.

ஸ்க்ரூ டிரைவரை மட்டும் அனுப்ப வேண்டாம் மாமா. கூடவே மாற்றிப் போடப் புது பேட்டரியும் அனுப்புங்கள்.