செவலைக்கு வந்த பேரிக்காய்

சங்கரன்கோவில்,
நந்தன வருஷம் ஆவணி 12

சென்னைப் பட்டணத்தில் மாட்டு வைத்தியம் படிக்கும் சிரஞ்சீவி குருநாதனுக்கு அப்பா நெல்லைநாயகம் ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். நம் செவலைப் பசுவும் பிழைத்துவிட்டது. ஆகவே நீ படிப்பை நிறுத்திவிட்டு உடனே ரயிலேறவும்.

செவலை காப்பி நிறத்தில் மூத்திரம் பெய்கிறது, எழுந்திருக்கவில்லை என்று பதறி எழுதினால், நீ படம் வரைந்து அனுப்புகிறாய்! ரத்த அணுவுக்குள் பேரிக்காய் மாதிரி இரண்டு கிருமி, கூர்முனை இரண்டும் ஒட்டி நிற்கும், ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு கரு, உண்ணி கடித்து வரும் என்று விளக்கம் வேறு. பாம்புக்கும் தேளுக்கும் வெள்ளியில் உரு செய்து அம்மனுக்குப் போடுகிற ஊர் இது. பேரிக்காய்ப் பயலுக்கும் போட்டால் போகிறான் என்று படத்தோடு பிச்சாண்டி ஆசாரியிடம் ஓடினேன்.

"அண்ணாச்சி, இதுக்குக் கால் எத்தன?"

"கால் கிடையாதுவே."

"மூஞ்சி எங்கன இருக்கு?"

"அதுவும் இல்ல."

"காலும் இல்லாம மூஞ்சியும் இல்லாம மாட்டுக்குள்ள எப்படிப் போச்சு?"

"உண்ணி மேல ஏறி வந்திருக்குவே!"

கண்ணில்லாத உருவை அம்மன் ஏற்கமாட்டாள் என்று அடம்பிடித்து, கரு இருந்த இடத்தில் ஆளுக்கொரு சிவப்புக் கல் பதித்துவிட்டான். உன் அம்மா அதைப் பொட்டலம் கட்டித் தந்தாள். பிரிக்காமல் உண்டியலில் போட்டேன். மறுநாளே செவலை எழுந்து புல் தின்றது! இப்போது பால் லேசான நீலம். மூத்திரத்தில் சிவப்பாய்ப் போனது சங்கரன், பாலில் நீலமாய் வருவது நாராயணன் என்று தெருவே செம்போடு நிற்கிறது. நான் தினம் ஒரு செம்பு குடிக்கிறேன். இனிமே ஊசியும் மருந்தும் எதுக்குலே? காலேஜுக்கு ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்து சேரு.

கோமதியம்மன் உன்னைக் காக்கட்டும். உன் வயிற்றில் உள்ள கிருமிகளைக் காக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நெல்லைநாயகம்

பின்குறிப்பு: கடிதத்தை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "மாட்டு டாக்டர் யாகூப்ப உடனே கூப்பிடுங்கன்னு புள்ள படத்துக்கு அடியிலயே எழுதியிருந்தானே, நீங்க வாசிக்கலையா? நீங்க கோயிலுக்குப் போன நேரம் நான் ஆளனுப்பி, அவரு வந்து நீல மருந்த ஊசியில ஏத்திட்டுப் போனாரு" என்கிறாள். உண்டியலில் நான் போட்டது இரண்டு புளியங்கொட்டையாம். வெள்ளிக் கிருமிகள் இரண்டும் பிரிந்து அவள் காதில் தொங்குகின்றன. ரயிலேறாதே, ஒழுங்காகப் படி. அந்த நீல மருந்து மனுஷன் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று மட்டும் உடனே தந்தி அடி.