பட்டாளத்தாரின் மேகம்

உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும் ஒரே பெயர் வைத்த மனிதர் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக் காவல்காரர் ஒருவர்தான். தலைவலியா, மேகம். முழங்கால் பிடிப்பா, மேகம். வானத்தில் போகிற மேகத்தைச் சொல்லவில்லை. கெட்ட சகவாசத்தில் வருகிற, நாலு பேர் முன்னால் சொல்லக் கூசுகிற மேக வியாதியைச் சொல்கிறேன்.

யுத்தத்தின்போது பர்மாப் பக்கம் ராணுவ ஆஸ்பத்திரியில் எடுபிடியாக இருந்தவர். அதனால் பட்டாளத்தார். “குண்டடி பட்டவனுக்கு ஒரு வார்டுங்க, மேகம் வந்தவனுக்கு மூணு வார்டு” என்பார். அடுத்த முறை கேட்டால் நாலாகியிருக்கும். கொடி, மொழி, சம்பளம் எல்லாம் பட்டாளத்துக்குப் பட்டாளம் மாறுமாம். இந்த ஒன்று மட்டும் மாறாதாம்.

இதைக் காதோடு சொன்னாலும் பரவாயில்லை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் நின்று, “யாருக்காச்சும் எரியுதா? மறைக்கப்படாது” என்று முழங்குவார். கொழுந்தெடுக்கும் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஓடுவார்கள். ஒருமுறை இருமலுக்கு மருந்து கேட்டு வந்த வேதக்கோயில் உபதேசியாரையே, “எங்கிட்ட மறைக்காதீங்க” என்று தோளில் தட்டிவிட்டார். அவர் அதற்குப் பிறகு கோயிலில்கூட இருமவில்லை.

அப்போது நான் அங்கே ஆபீசில் கணக்கெழுதும் கிளாக்கர். வட்டகொடையில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா ஞாயிற்றுக்கிழமை வந்து நாள் குறிப்பதாக ஏற்பாடு. அந்த வாரம் பார்த்துத்தான் எனக்கு ஒன்றுக்குப் போகையில் எரிய ஆரம்பித்தது.

நான் ஆபீசுக்குப் பின்னால் அடிக்கடி ஒதுங்குவதைப் பட்டாளத்தார் கவனித்துவிட்டார்.

“கிளாக்கர் தம்பி, எரியுதா?”

தலையை ஆட்டினேன்.

“மேகம்.”

ஒரு பெண்ணின் நிழலைக்கூட மிதித்தறியாதவன் நான். யோசித்து யோசித்து, அட்டன் தியேட்டரில் படம் பார்த்தபோது லீவில் வந்த சிப்பாய் ஒருவன் எழுந்துபோன சீட்டில், சூடு ஆறும் முன் உட்கார்ந்ததைக் கண்டுபிடித்தேன். “சீட்டுல உக்காந்தா வராது தம்பி” என்று சிரித்தார் பட்டாளத்தார். பிறகு எப்படி? செய்யாத தப்பை எங்கே செய்தேன் என்று தெரியாமல், ஒருவேளை செய்துதான் இருப்பேனோ என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

ஞாயிறன்று முன்னால் நிற்கும் ஆள் தெரியாத பனி. பெண்ணின் அப்பாவை ரோட்டிலிருந்து அழைத்துவந்தது, என் கெட்ட நேரம், பட்டாளத்தார்தான். வாசலில் அவர்கள் நிற்பது கதவிடுக்கில் நிழலாகத் தெரிந்தது, பேசுவது நன்றாகக் கேட்டது.

“ஒங்ககிட்ட மறைக்கப்படாதுங்க. தம்பிக்கு மேகம்.”

வந்தவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “எங்க பக்கமும் இதே மேகந்தாங்க. விடிஞ்சா மேகம், பொழுது சாஞ்சா மேகம்.”

“ஒங்களுக்குமா?” பட்டாளத்தார் விறைப்பாக நின்றுவிட்டார். “வீட்டுல அம்மாவுக்கு?”

“அவளுக்கும்தான். புள்ளைகளுக்கும் பழகிப்போச்சு. மலையில பொறந்துட்டு மேகத்துக்குப் பயந்தா ஆகுமா?”

பட்டாளத்தார் உள்ளே வந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நானோ பத்துப் பொருத்தத்துக்கு மேல் பதினோராவது பொருத்தமும் அமைந்துவிட்டதே என்று அழுவதா சிரிப்பதா தெரியாமல், மாமனாருக்குக் கொடுக்க வேண்டிய தேநீரை நானே குடித்துவிட்டேன். நாள் குறித்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார் அவர்.

மறுநாள் பட்டாளத்தார் என்னைக் கையோடு டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார். எல்லாப் பரிசோதனையும் செய்த டாக்டர், “மேகமுமில்ல, மண்ணுமில்ல. குளிருக்குப் பயந்து தண்ணி குடிக்காம இருந்திருக்கீங்க. தண்ணி குடிங்க” என்று அனுப்பிவிட்டார். மாமனார் சொன்ன மேகம் எது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திரும்பும் வழியில் எரிந்து விழுந்தேன். ஊர் நடுவில் இப்படிக் கத்தி மானத்தை வாங்க வேண்டுமா என்று கேட்டேன்.

“பட்டாளத்துல எங்கூட ஒருத்தன் இருந்தான் தம்பி, திருச்சிப் பக்கம். வெக்கப்பட்டுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லல. கண்ணு போயிருச்சு. வெக்கம் மட்டும் போகல. அவனைக் கையைப் புடிச்சுக் கப்பலேத்திவிட்டது நாந்தான்.”

அதற்கு மேல் எனக்குக் கோபிக்கத் தெரியவில்லை.

கல்யாணத்தன்று தாலி கட்டிவிட்டு நிமிர்கிறேன், பட்டாளத்தார் மணவறைக்குப் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரோடு நிற்கிறார். “குடிங்க தம்பி” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

மலையில் மேகம் இறங்கும் காலைகளில் இன்னமும் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிடுகிறேன். குடித்துவிட்டேன் என்று சொல்லத்தான் பட்டாளத்தார் இல்லை.