மிக்ஸியைச் சந்தேகித்த மனிதர்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரை நிற்கும் அத்தனை அடுக்குமாடிகளிலும், பக்கத்து வீட்டு மிக்ஸியின் நடத்தையைச் சந்தேகித்த ஒரே மனிதர் எங்கள் சிக்னல் சார்தான். பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகிப்பவர்கள் எங்கும் உண்டு. இவர் பக்கத்து வீட்டுக்காரரை முழுசாக நம்பினார். அவருடைய மிக்ஸி, ஃபோன் சார்ஜர், கொசு பேட் இவற்றைத்தான் நம்பவில்லை.

அப்போது நான் ராஜகீழ்ப்பாக்கத்தில் எட்டு வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்தில் குடியிருந்தேன். சிக்னல் சார் தரைத்தளம். நான் அவருக்கு நேர் மேலே, ஆகவே சந்தேகப் பட்டியலில் முதல் ஆள். அவருக்கென்று நல்ல பெயர் ஒன்று இருந்தது, கேட் பக்கத்துப் பலகையில் எழுதியும் இருந்தது. ஆனால் வாட்ச்மேன் முதல் கீரைக்காரம்மா வரை எல்லோருக்கும் அவர் சிக்னல் சார். ஏதோ ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவிலிருந்து ரிடையர் ஆனவர். மூன்று கொட்டேஷன் வாங்காமல் ஒரு குண்டூசிகூட வாங்கியதில்லை என்று பெருமையாகச் சொல்வார். எவன் எதைச் சொன்னாலும் "அப்படியா?" என்று ஒரு புருவத்தைத் தூக்கும் முகம் அவருக்கு நிரந்தரமாகவே அமைந்துவிட்டது.

அவருக்குப் பைத்தியம் பிடித்த கதை இதுதான். அவர் மனைவி லலிதா மேடம் கணக்கு டீச்சராக இருந்தவர். ஒரு நாள் விடியற்காலை இருட்டில் கட்டிலை விட்டு இறங்கி, எதிர்ச் சுவரில் இருந்த ஸ்விட்சைத் தேடிப் போனவர், தரையில் கிடந்த ஒயர் தடுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மேஜை விளக்குக்காக அந்த ஒயரைத் தரையோடு தரையாக இழுத்துவிட்டவர் வேறு யாருமில்லை, சாட்சாத் நம் சார்தான். ஆபரேஷன் முடிந்து அம்மா வாக்கரோடு வீடு திரும்பியதும், பெங்களூரில் இருக்கும் மகள் வித்யா தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"பொங்கலுக்கு வருவேன்பா. அதுக்குள்ள அம்மா கட்டில்லேர்ந்தே லைட் போடற மாதிரி பண்ணி வைங்க. இல்லன்னா அம்மாவை என்கூட கூட்டிட்டுப் போயிடுவேன். நீங்க இந்த வீட்டைக் கட்டிக்கிட்டு அழுங்க."

லலிதா மேடத்துக்குப் போக இஷ்டமே இல்லை. என் மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். "அங்க பதினெட்டாவது மாடிம்மா. ஜன்னலைத் திறந்தா மேகம் தெரியும், மனுஷங்க தெரிய மாட்டாங்க. ரெண்டு பேரும் ஆபீஸ் போயிட்டா நான் டிவிகிட்டதான் பேசணும்."

இதற்குத் தீர்வு ஒரு பெட் ஸ்விட்ச். தலைமாட்டில் தொங்கவிட்டால் முடிந்தது. என் மனைவி சொன்னாள், எலெக்ட்ரீஷியன் சொன்னார், பால் போடுபவர் சொன்னார். சார் எல்லோருக்கும் ஒரே புருவத்தைத்தான் தூக்கினார். "ஒயர் தொங்கும்மா. என் வீட்ல இனிமே ஒரு ஒயரும் தொங்காது, தரையிலயும் கிடக்காது." சரி, சுவரை உடைத்து உள்ளே இழுக்கலாமே என்றால், "தூசி கிளம்பும். அவளுக்கு வீசிங்" என்றார். இந்த இடத்தில் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்த கடைசி இடமும் அதுதான்.

துபாயில் இருக்கும் அவர் தம்பி மகன், அங்கே இப்போது யாரும் சீண்டாத ஒரு செட்டை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனான். கட்டில் பக்கத்து பிளக்கில் பொத்தான் வைத்த ஒரு பெட்டியைச் செருக வேண்டும். விளக்கின் ஸ்விட்சுக்குப் பின்னால் இன்னொரு குட்டிப் பெட்டி. பொத்தானை அழுத்தினால், சுவருக்குள் ஏற்கெனவே இருக்கும் கரண்ட் ஒயர் வழியாகவே கட்டளை ஓடிப்போய் விளக்கைப் போடும். புது ஒயர் வேண்டாம், தூசி கிடையாது, இடிபாடு கிடையாது. கேட்க அமிர்தமாக இருந்தது. ஒரே குறை, விளக்கு எரியவில்லை.

"வை-ஃபை பல்பு வாங்கிடுங்களேன் சார்" என்றேன்.

"நெட்டு போயிட்டா?"

"கரண்ட் போயிட்டா உங்க சிக்னலும்தானே போயிடும்?"

"கரண்டே இல்லாதப்ப லைட்டுக்கு சிக்னல் எதுக்கு சார்? யோசிச்சுப் பேசுங்க."

நான் யோசித்தேன். பேசாமல் இருப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் ஃபேஸ்தான் காரணம் என்றார். வீட்டுக்கு மூன்று ஃபேஸ் வருகிறது, ஒரு ஃபேஸில் அனுப்பும் சிக்னல் அடுத்த ஃபேஸுக்குத் தாவாது என்று எனக்கு ஒரு முழு மாலை பாடம் எடுத்தார். தாவ வைப்பதற்கு ஒரு பெட்டி வாங்கி, மெயின் போர்டில் மாட்டினார். அதன் பிறகும் லலிதா மேடம் அழுத்தினால் பத்து தடவைக்கு ஒரு தடவை விளக்கு எரியும், அதுவும் அவர் கையை எடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கும்போது. "சிக்னல் வீக்கா இருக்கு" என்றார் சார். "யாரோ நடுவுல திங்கறாங்க."

அன்றிலிருந்து பிடித்தது எங்களுக்குச் சனி. சிக்னலை அளக்கிற மீட்டர் ஒன்றை வரவழைத்தார். அதில் ஐந்து பச்சை விளக்குகள். ஐந்தும் எரிந்தால் ஆரோக்கியம், ஒன்று எரிந்தால் கவலைக்கிடம். அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்து, அனுமதி கேட்பதுபோல் ஒரு பாவனை செய்துவிட்டு, நம் வீட்டு பிளக்கிலேயே செருகிப் பார்ப்பார்.

"உள்ள என்ன ஓடுது?" என்றார் ஒரு நாள் காலையில்.

"மிக்ஸி சார். தேங்காய் சட்னி."

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"அது தேங்காயைப் பொறுத்தது."

"உங்க மிக்ஸி என் சிக்னலைத் திங்குது சார்."

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "நான் அரைக்கற சட்னியத்தான் இந்த வீட்ல யாரும் திங்கல. சிக்னலையாவது திங்கட்டும், விடுங்க."

எங்கள் வீட்டு கொசு பேட் சார்ஜரை அவர் ஒரு வாரம் வாங்கி வைத்துக்கொண்டார், விசாரணைக் கைதியாக. தாம்பரம் பக்கம் கொசு பேட் இல்லாமல் ஒரு வாரம் குடும்பம் நடத்துவது என்றால் என்னவென்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். இரண்டாவது மாடி ஸ்டெல்லா டீச்சர் டிசம்பரில் பால்கனியில் ஸ்டார் கட்டியதும், அதன் விளக்கு மினுக்குவதால் சிக்னல் நடுங்குகிறது என்று போய் நின்றார். "அந்த இயேசுவே வந்து சொன்னாலும் ஸ்டார கழட்ட மாட்டேன் சார்" என்று டீச்சர் கதவைச் சாத்திவிட்டார். தண்ணீர் மோட்டாரையும் அவர் விடவில்லை. வாட்ச்மேன் என்னிடம் வந்து புலம்பினார்.

"இன்னா சார் இது, மோட்டார் போட்டா ஓடியாந்து நிறுத்துறாரு. தண்ணி ஏறலன்னா மேல கீறவங்க என்னைத்தான் திட்டுறாங்க. ஒரே பேஜாரா கீது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தன் வீடு தவிர கட்டடத்தின் மெயின்கள் அத்தனையையும் அணைக்கச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு வீடாகப் போட்டுப் பார்த்துத் திருடனைப் பிடிப்பதாகத் திட்டம். அசோசியேஷன் செக்ரட்டரி எப்படி ஒத்துக்கொண்டார் என்பது இன்றுவரை மர்மம். பாதி அரைத்த மாவோடு பெண்களும், கிரிக்கெட் போன சோகத்தோடு ஆண்களும் மாடிப்படியில் நின்றோம். சார் கீழிருந்து கத்தினார். "லலிதா, அழுத்து!"

"அழுத்திட்டேன்."

"எரியுதா?"

"எரிஞ்சா உங்களுக்கே தெரியாதா?"

எரியவில்லை. இப்போது கவனியுங்கள். மற்ற ஏழு வீடுகளும் அணைந்து கிடக்கின்றன, இவர் வீட்டில் மட்டும் கரண்ட் இருக்கிறது, அப்போதும் சிக்னல் வீக். இதிலிருந்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட ஒரு முடிவுக்கு வரும். சாரும் ஒரு முடிவுக்கு வந்தார். "அப்போ தெரு டிரான்ஸ்ஃபார்மர்தான்."

"உங்க வீட்லயே ஏதாவது இருக்கப் போகுது சார்" என்றேன் நான்.

"என் வீடா? ஒவ்வொண்ணும் பார்த்துப் பார்த்து வாங்கினது சார்." புருவம் உச்சிக்குப் போயிற்று.

மறுநாளே இ.பி. ஆபீஸுக்குக் கிளம்பினார். என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். கவுன்டரில் இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"லைட் எரியுதா சார்?"

"எரியுது."

"ஃபேன் சுத்துதா?"

"சுத்துது."

"அப்ப என்ன சார் கம்ப்ளெயின்ட்?"

"லைட்டை எரியச் சொல்லி நான் அனுப்பற ஆர்டர் வீக்கா போகுதும்மா."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

இதற்கு நடுவில் நான் சொல்ல மறந்த ஒன்று. முன்பெல்லாம் காலையில் பேப்பரோடு வெளியே போனால் மதிய சாப்பாட்டுக்குத்தான் வீடு திரும்பும் மனிதர், இந்த மாதங்களில் பகல் முழுக்க மனைவியின் கட்டில் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அழுத்து, அழுத்திட்டேன், இன்னொரு தடவை, கை வலிக்குதுங்க, சரி நான் அழுத்தறேன். இந்தப் பேச்சுதான் நாள் முழுக்க மேலே எங்களுக்குக் கேட்கும். ஆனால் பொங்கல் நெருங்க நெருங்க அவர் குரலில் அதிகாரம் குறைந்து, ஒரு கெஞ்சல் வந்துவிட்டது. எங்களுக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம்தான். வரவில்லை.

ஊரே பொங்கலுக்குக் கிளம்பி பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு முண்டியடித்துக்கொண்டிருந்த நாளில், வித்யா பெங்களூரிலிருந்து வந்து இறங்கினாள். பொங்கல் முடிந்த மறுநாள் காலை அம்மாவின் துணிமணிகள் சூட்கேசில் ஏறிவிட்டன. வழியனுப்ப என் மனைவி போனாள். நான் வேடிக்கை பார்க்கப் போனேன்.

சார் மகள் முன்னால் மீட்டரோடு நின்றுகொண்டிருந்தார். "இன்னும் ஒரே ஒரு வாரம் குடும்மா. ரெண்டாவது மாடில ஒரு ஏ.சி. மேல எனக்கு டவுட்டு இருக்கு."

"போதும்பா" என்றாள் வித்யா. "அம்மா இருட்டுல இன்னொரு தடவை விழணுமா?"

லலிதா மேடம் யாரையும் பார்க்காமல், பழக்க தோஷத்தில் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்.

வித்யாவுக்கு டாக்ஸி கூப்பிட வேண்டும், ஃபோனில் சார்ஜ் இல்லை. கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். பொத்தான் பெட்டி செருகியிருந்த அதே பலகையில், அதற்குப் பக்கத்து பிளக்கில், பச்சை விளக்கோடு வெள்ளையாக ஒரு டப்பா.

"இது என்னப்பா?"

"கரண்ட் சேவர். எக்சிபிஷன்ல வாங்கினேன். அதைத் தொடாதே, அதை மாட்டினா பில்லு பாதியா குறையும்."

"குறைஞ்சுதா?"

சார் கொஞ்சம் யோசித்தார். "குறையும்."

அவள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு சார்ஜரைச் செருகினாள். விளக்கு எரிந்தது. லலிதா மேடம் மறுபடி அழுத்தினார், அணைந்தது. அழுத்தினார், எரிந்தது. எரிந்தது, அணைந்தது, எரிந்தது. சார் மீட்டரை எதிர்ச் சுவர் பிளக்கில் செருகினார், ஐந்து பச்சையும் பளிச்சென்று நின்றன.

கரண்டை மிச்சம் பிடிப்பதாகச் சொல்லி விற்கும் அந்த டப்பாவுக்குள் இருந்தது ஒரு கெபாசிட்டர். கரண்டை அது மிச்சம் பிடித்ததோ இல்லையோ, ஒயரில் போகும் சிக்னலை மட்டும் ஒரு சொட்டு விடாமல் விழுங்கியிருக்கிறது. எட்டு வீட்டையும் தலைகீழாகப் புரட்டிய மனிதர், இத்தனை நாளும் திருடனுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஆயுளில் கொட்டேஷன் வாங்காமல் வாங்கிய ஒரே பொருள் அது.

"வித்யா" என்றார் லலிதா மேடம், பொத்தானிலிருந்து கையை எடுக்காமலே. "அந்த சூட்கேஸைத் திறந்து என் புடவையெல்லாம் மறுபடி பீரோவுல வை."

வித்யா அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். நாங்கள் சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டோம்.

மகள் தனியாக பெங்களூர் போன மறுநாள், சிக்னல் சார் மறுபடி வீடு வீடாகக் கிளம்பினார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது, அது எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கதவாகத் தட்டி, "உங்க ஏ.சி. நல்ல ஏ.சி. சார்", "டீச்சர், உங்க ஸ்டார் மேல ஒரு தப்பும் இல்ல" என்று நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டே வந்தார். கடைசியில் என் வீடு. நான் அவருக்காகவே ஒரு மூட்டை கிண்டல் கட்டி வைத்திருந்தேன். ஒரு வார இதழுக்குத் தாங்கும் சரக்கு. கதவைத் திறந்தேன். கண் சிவந்து, சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார்.

"உங்க மிக்ஸி மேல தப்பில்ல சார்" என்றார். அப்புறம், எனக்கு அது தெரியாதென்று நினைத்தாரோ என்னவோ, குரல் உடைந்து சொன்னார். "லலிதா போகல சார். இங்கதான் இருக்கா."

கட்டி வைத்த மூட்டை எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த மனுஷன்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்தது. கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தேன். சமையலறையில் மிக்ஸி காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.