கருங்கோட்டை மன்னரின் வாயில் விதிகள்

2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். பால் பாக்கெட் 5.20க்கு வந்தது (ஐந்து நிமிடம் தாமதம்). சுவர்க் கடிகாரம் நாற்பது நொடி முந்தி ஓடியது, திருத்தினேன். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் முக்கால். ஏழு மணிக்கு இட்லி, நான்கு. ஒன்பதரைக்கு மலைக் கோயிலுக்குப் போகும் ஆட்டோக்கள் எங்கள் தெருமுனையில் சிக்கிக்கொண்டன. ஒழுங்குபடுத்தலாம் என்று இறங்கிப் போய், இரண்டு டிரைவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இவை எல்லாம் டைரியில் இருக்கின்றன. அதே பக்கத்தில் பிற்பகலுக்கு ஒரே ஒரு வரி: "கெட்டவனாக நடித்தேன். நன்றாக வந்தது." அதை எழுதியது இடைவேளையில். முடிவு வரை பொறுத்திருந்தால் அந்த வரி அங்கே இருந்திருக்காது.

ஒப்புக்கொள்கிறேன்: நாற்பத்தொன்பது வயது வரை என்னை நல்லவன் என்று சந்தேகமே இல்லாமல் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை என் வீட்டு ஹாலில், பஜ்ஜி மாவு ஒட்டிய ஒரு விரலால் முடிந்தது.

தீபா எங்கள் ஒரே மகள். சென்னையில் வேலை. விடியற்காலை லோக்கல் ரயிலில் போனால் வீடு திரும்ப எட்டரை ஆகும். மூன்று மாதமாக ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள்: "நைனா, மெட்ராஸ்ல ஹாஸ்டல்ல தங்கிக்கிறேன். சனி ஞாயிறு வந்துடுவேன்." நானும் மூன்று மாதமாக ஒரே பதிலைச் சொன்னேன்: "பார்க்கலாம்." (ஒரு தனியார் கல்லூரியில் அலுவலகக் கண்காணிப்பாளர் நான். 'முடியாது' என்றால் சண்டைக்கு வருவார்கள். 'பார்க்கலாம்' என்றால் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.) ஹாஸ்டலில் ஓர் இடம்தான் காலி, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று வெள்ளிக்கிழமை சொன்னாள். அப்போதிலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஞாயிறு காலை மட்டும் கேட் தாழ்ப்பாளுக்கு இரண்டு முறை எண்ணெய் போட்டேன்.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. தீபாவும் ரயில் நண்பர்களும் ஒரு பகடை விளையாட்டு ஆடுவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு பாத்திரம்: திருடி, வீரன், மந்திரவாதி. எது நடந்தாலும் இருபது முகம் கொண்ட பகடையை உருட்டித்தான் தீர்மானம். வாரநாளில் ரயிலில் ஆடுவார்கள் (பகடை சீட்டுக்கடியில் உருண்டால் அரக்கோணம் வரை தேடல்). ஞாயிறு எங்கள் ஹாலில். நானும் சேர்ந்துகொண்டு வீட்டைக் கலகலப்பாக்கிவிட்டால் ஹாஸ்டல் மறந்துபோகும் என்று கணக்குப் போட்டேன். எனக்கு அப்போது அப்படியெல்லாம் தோன்றும்.

வாய்ப்பும் தானாக வந்தது. கதையை நடத்துபவன் ரியாஸ்; அரக்கோணத்தில் மெக்கானிக் குடும்பத்துப் பையன், வேலை சென்னையில். அன்று அவனுக்குத் தொண்டை கட்டிப்போய் வெறும் காற்றுதான் வந்தது. வில்லனுக்குக் குரல் கொடுக்க ஆள் வேண்டும். நான் கையைத் தூக்கினேன்.

"நைனா, நீங்களா?" என்றாள் தீபா.

"ஏன், எனக்குக் கெட்டவனாக வராதா?"

அவள் ரியாஸைப் பார்த்தாள்.

ரியாஸ் ஒரு தாளில் கட்டம் போட்டுக் காட்டினான். குறுக்கே மூன்று: ஒழுங்கு, நடுநிலை, தான்தோன்றி. நெடுக்கே மூன்று: நல்லது, நடுநிலை, தீயது. மொத்தம் ஒன்பது கட்டம். உலகத்து மனிதர் எல்லோரும் இதில் ஏதோ ஒன்றில் அடக்கம். எனக்குப் புல்லரித்துவிட்டது. கட்டம் போட்ட எதுவும் எனக்குப் பிடிக்கும், அதுவும் மனிதர்களையே உள்ளே போட முடிகிற கட்டம்!

"உங்க ஆளு இங்க வர்றாரு அங்கிள்" என்று கிசுகிசுத்து, 'ஒழுங்கு'ம் 'தீயது'ம் சேரும் மூலையைத் தொட்டான். "கருங்கோட்டை ராஜா. சொன்ன சொல்லு மாற மாட்டாரு. சட்டம் போட்டே கொடும பண்ணுவாரு."

2.30க்கு ஆட்டம் தொடங்கியது. தீபா திருடி. கே.ஜி.கண்டிகையில் நிலபுலன் உள்ள வீட்டுப் பெண் பவித்ரா, புனிதப் போராளி. என் மனைவி கோமதியின் தம்பி சேகர் மந்திரவாதி (அவன் வந்தது பஜ்ஜிக்கு).

நான் எழுந்து நின்று ஓர் அரக்கச் சிரிப்பு சிரித்தேன். ஆட்டத்துக்கு முன் மாடியில் பழகியது. கோமதி அடுப்படியிலிருந்து சொம்போடு ஓடி வந்தாள். "இன்னாங்க, தொண்டையில ஏதாச்சும் மாட்டிக்கிச்சா?"

தண்ணீரைக் குடித்துவிட்டு மூவரின் தலையையும் கொய்ய ஆணையிட்டேன். பவித்ரா கொட்டாவியை மறைத்துக்கொண்டு பகடையை உருட்டினாள். என் படைத்தலைவன் செத்துப்போனான். கண்ணைப் பிடுங்குவேன் என்றேன். இன்னொரு உருட்டு, கொலைக்களம் தீப்பிடித்தது.

"பாவா, நீங்க தலைய வெட்டுறேன்னு சொல்றது, கொஞ்சம் தள்ளி உக்காருங்கன்னு சொல்ற மாதிரியே கீது" என்றான் சேகர்.

மூன்று மணிக்குள் நான்கு முறை நாற்காலியை இடம் மாற்றினேன். தீபா செல்போனைப் பார்க்க ஆரம்பித்தாள். திட்டம் கையை விட்டுப் போகிறது. பதறிப்போய், ரியாஸ் எழுதிக் கொடுத்திருந்த ஏழு பக்கத்தையும் மூடிவிட்டு, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இனி யாரையும் வெட்ட மாட்டேன். எனக்கு உங்கள் பாதுகாப்புதான் முக்கியம். நகர வாயில் ஒன்பது மணிக்குப் பூட்டப்படும். வெளியே போகிறவர் பெயர், காரணம், திரும்பும் நேரம் மூன்றையும் சொல்லிவிட்டுப் போக வேண்டும்."

பவித்ரா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வண்டி ஏறியதும் எனக்கு ஒரு புறா அனுப்ப வேண்டும். உட்கார இடம் கிடைத்ததும் ஒரு புறா. பாதி வழியில் ஒன்று. போய்ச் சேர்ந்ததும் ஒன்று."

"மழ வந்தா?" என்றாள் பவித்ரா.

"கூடுதலாக ஒன்று."

"புறா வரலன்னா?"

"பத்து நிமிடம் பொறுப்பேன். பிறகு உன்னோடு பயணம் செய்கிறவர்களுக்கெல்லாம் நானே புறா அனுப்பி விசாரிப்பேன்."

ரியாஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தான். (அவன் எண் என் போனில் 'தீபா ரயில் 2' என்று இருக்கிறது. பவித்ரா 'தீபா ரயில் 1'.) நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"யோவ், இந்த ராஜா தூங்கவே மாட்டானா?" என்றான் சேகர், பஜ்ஜியைக் கடிக்க மறந்து.

"மக்கள் அனைவரும் திரும்பிய பிறகே தூங்குவான். யார் எப்போது போனார், எப்போது வந்தார் என்று ஒரு நோட்டில் எழுதுவான்."

"ஐயோ அங்கிள், மெய்யாலுமே பயமா கீது!" என்றாள் பவித்ரா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. 3.20க்கு இடைவேளை விட்டு, உள்ளே போய் டைரியில் அந்த வரியை எழுதிவிட்டு வந்தேன்.

திரும்பியபோது தீபா செல்போனைக் கவிழ்த்து வைத்திருந்தாள். அவளுடைய திருடி நேராக என் கோட்டை வாசலுக்கு வந்தாள்.

"மன்னா, நான் வெளியூர்ல தங்கணும். வாரா வாரம் வந்துடுவேன்."

"பார்க்கலாம்" என்றேன்.

"எத்தினி நாளுக்குப் பார்ப்பீங்க?"

"காரணத்தைச் சொல்."

"ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வண்டியிலயே போவுது மன்னா. மத்தியானம் கண்ணு சொருவுது. போன வாரம் நின்னுகினே தூங்கி, வில்லிவாக்கத்துல ஒரு அம்மா மேல சாஞ்சிட்டேன். அவங்க எழுப்பல. பாவம்னு வுட்டுட்டாங்க."

"ஏய், உங்க கருங்கோட்டைக்கும் லோக்கல் டிரெயினு வுட்டுக்கிறாங்களா?" என்றான் சேகர். யாரும் சிரிக்கவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், மன்னருடைய கம்பீரத்தோடு, "உன் நன்மைக்காகவே மறுக்கிறேன்" என்றேன்.

தீபா பகடையைக் கீழே வைத்தாள். "இத்தோட அத்தியாயம் முடிக்கலாம் ரியாஸ்."

அத்தியாயம் முடிந்தால் வில்லன் எந்தக் கட்டம் என்று ஓட்டெடுப்பு நடக்குமாம். ரியாஸ் தாளை நடுவில் வைத்தான். பவித்ரா, சேகர், தீபா மூவருடைய விரலும் யோசிக்காமல் 'ஒழுங்கு - தீயது' மூலைக்குப் போயின. கேட்டதும் அதுதான், கொடுத்ததும் அதுதான். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இது அநியாயம்! ஒரு தலையாவது வெட்டினேனா? யாரையாவது பட்டினி போட்டேனா? அவர் செய்தது முழுக்க அக்கறை. அவர் நல்லவர் கட்டத்தில்தான் இருக்க வேண்டும்!"

"அதாங்க அங்கிள் பயமா கீது" என்றாள் பவித்ரா. "வெட்டுற ராஜாவா இருந்தா எதுத்து நின்னு சண்ட போடலாம். இவரு சாப்டியான்னு கேக்குறாரு. இன்னா பண்றது?"

நடுநிலையான ஒருவரிடம் விடுவோம் என்று கோமதியைக் கூப்பிட்டேன். (இதுதான் என் வாழ்நாள் தவறு.) மன்னரின் விதிகளை ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொன்னேன்: வாயில், நேரம், புறா, நோட்டு. கோமதி கரண்டியோடு நின்று கேட்டாள்.

"ஆங், சரி. கத எங்க கீது?"

"இதுதான் கதை."

"இது நம்ம வூட்டு கேட்டுதானே?"

கோமதி குனிந்து, மாவு ஒட்டிய விரலை 'ஒழுங்கு - தீயது' மூலையில் அழுத்தமாக வைத்துவிட்டு, எண்ணெய் காய்கிறது என்று போய்விட்டாள்.

நான் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். வில்லிவாக்கத்து அம்மா கண்முன் வந்து போனாள். என் நோட்டில் அந்த நாள் "திரும்பியது 8.42" என்றுதான் இருக்கும்; நின்றுகொண்டே தூங்கியது இருக்காது.

"ராஜாவுக்கு மனம் மாற எவ்வளவு விழ வேண்டும்?" என்று ரியாஸைக் கேட்டேன்.

"பதினஞ்சுக்கு மேல."

உருட்டினேன். நான்கு.

"இன்னொரு தபா போடுங்க பாவா, யாரு கேக்கப்போறா" என்றான் சேகர்.

"ஒரு முறைதான் என்பது விதி" என்றேன். (நம்புங்கள், அந்த நிலையிலும் அப்படித்தான் சொன்னேன்.) தீபா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிப்பா, மற்றதா, இன்றுவரை தெரியாது.

"மன்னர் பதவி விலகலாமா? அதற்குப் பகடை உண்டா?"

ரியாஸ் புத்தகத்தைப் புரட்டினான். "அதுக்கு ரூல் இல்ல அங்கிள்."

விதி இல்லாத இடத்தில் ஒரு விண்ணப்பம் போதும். அது என் தொழில். ஒரு தாளை எடுத்தேன். அனுப்புநர், மன்னர், கருங்கோட்டை. பெறுநர், திருடி அவர்கள். பொருள்: பதவி விலகல் மற்றும் வாயில் திறத்தல் சார்பாக. "மேற்காணும் பொருள் தொடர்பாகத் தாங்கள் மூன்று மாதமாக அளித்துவரும் கோரிக்கை ஏற்கப்படுகிறது. தாமதத்திற்கு வருந்துகிறேன்." கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

தீபா இரண்டு முறை படித்தாள். மூக்கை உறிஞ்சினாள். "தேதி போடல நைனா."

என் வாழ்க்கையில் தேதி போடாமல் நான் கொடுத்த ஒரே தாள் அது. அவளே பேனாவை வாங்கிப் போட்டுக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

சேகர் இந்தக் கதையை அரக்கோணத்திலிருந்து திருப்பதி வரை எங்கள் உறவுக்காரர் அத்தனை பேர் வீட்டிலும் சொல்லிவிட்டான். கல்யாணப் பந்தியில் எனக்கு இலை போடும்போது, "மன்னருக்கு ரெண்டு அப்பளம் வையி, இல்லன்னா புறா வுட்டுடுவாரு" என்பார்கள். கோமதி பால்காரரிடமே என்னை 'எங்க கருங்கோட்டையாரு' என்கிறாள். தீபா ஹாஸ்டலிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு முறை கூப்பிடுகிறாள், எடுத்ததும் "கூ... கூ..." என்கிறாள். எந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள் என்று தெரியாது. அதுதான் எனக்கான தண்டனை என்று நினைக்கிறேன்.

அந்த ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை, 4.50க்கு எழுந்ததும் முதல் வேலையாக முக்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து பெரிய சூட்கேஸை இழுத்தேன். அதோடு ஒரு பித்தளை அண்டாவும் இறங்கி வந்து தரையில் மோதியது. கோமதி ஒரு கண்ணைத் திறந்தாள்.

"இன்னா, பதவி போனதும் மன்னரு காட்டுக்குக் கெளம்பிட்டாரா?"

"எனக்கில்லை. அவளுக்கு."

கோமதி அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள்: "ஈரத் துணியால தொடச்சிட்டு வெயில்ல வையுங்க. கரப்பான் நாத்தம் அடிக்கும்."