ஏலத்துக்கு வந்த கேபிள் பில்

செங்கல்பட்டு மாவட்டத்திலேயே அச்சடித்த விலை எதையும் ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் ஏலக்காரர்தான். தீப்பெட்டியில் போட்டிருக்கும் விலைகூட அவருக்குப் பேச்சின் தொடக்கம் மட்டுமே.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் இருபத்தைந்து வருடமாக மீன் ஏலம் விடுபவர். ரேஷன் கார்டில் ஏதோ பெயர் இருக்கும், நாங்கள் கேட்டதில்லை. மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபின், மணலில் நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குப்பத்தில் மணல் இல்லாத இடம் படகு மட்டும்தான். அதிலும் கொஞ்சம் இருக்கும். அதனால் இருவரும் கருங்குழியில் என் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தார்கள்.

முதல் வாரமே தெருவுக்கு அவரைத் தெரிந்துவிட்டது. கீரைக்காரம்மா கட்டு இருபது ரூபாய் என்றதும், வாசலில் நின்று, "பதினஞ்சு ரூபா! பதினஞ்சு ரூபா ஒரு தரம்!" என்று கூவினார். எதிர்வீட்டு வாத்தியார் பதறி ஓடிவந்து பதினெட்டு என்றார். கீரை வாத்தியாருக்குப் போயிற்று. ஏலக்காரருக்கு அதில் துளியும் வருத்தமில்லை. விலை ஒழுங்காக முடிந்ததே, அது போதும்.

புது வீட்டுக்குப் புது டி.வி. வாங்கியிருந்தார். கேபிள்தான் வரவில்லை. பழைய வீட்டுக்கு, அவர் காலி செய்த பிறகு இரண்டு மாத பாக்கி சேர்ந்திருக்கிறது, அதைக் கட்டினால்தான் புதுக் கனெக்ஷன் என்றது கம்பெனி. அவர் தினமும் ஏலத்துக்குக் கரைக்குப் போய்த் திரும்பும்வரை, ஊரில் ஒருவரையும் தெரியாத அவர் மனைவி காலை நீட்டிக்கொண்டு இருட்டு டி.வி.யைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

"வூடே காலி பண்ணிட்டேன், இன்னாத்துக்கு சார் பில்லு?" என்று என்னிடம் வந்து முறையிட்டார்.

"காலி பண்றேன்னு எழுதிக் கொடுத்தீங்களா?" என்றேன்.

"இன்னாத்த எழுதறது? வசூலுக்கு வர்ற ஆளுகிட்ட, நாலு பேரு முன்னால, 'கேபிள் பெட்டி இனிமே என்னுது இல்ல'ன்னு மூணு வாட்டி சொல்லிக்கீறேன் சார்!"

அவர் கட்சி எனக்குப் புரிந்தது. கரையில் மூன்றாம் தரம் சொன்ன கணமே கூடை கைமாறிவிடும். பிறகு மீன் கெட்டால் வாங்கியவர் பாடு. காகிதமே கிடையாது.

மதுராந்தகத்தில் இருந்த கேபிள் ஆபீசுக்கு ஒரு மாதத்தில் நான்கு முறை போய் வந்தார். ஐந்தாவது முறை, பத்திரிகைக்காரன் என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

கவுன்ட்டரில் இருந்த பெண் பொறுமைசாலி. "ஐயா, அந்தப் பெட்டி தெனம் ஓடுது. கம்ப்யூட்டர்ல காட்டுது. யார்கிட்ட இருக்கு?"

"குடுத்துட்டேன்."

"யாருக்குன்னு சொல்லுங்க, பாக்கிய அவங்க பேர்ல மாத்திடறோம்."

"சொல்ல மாட்டேன்."

"அப்ப நீங்கதான் கட்டணும். அபராதத்தோட அறுநூறு."

ஏலக்காரர் வரிசையைப் பார்த்துத் திரும்பினார். பில்லை வஞ்சிரம் போல உயர்த்திப் பிடித்தார். "ஆளே இல்லாத வூட்டுக்கு ரெண்டு மாச பில்லு! எவ்ளோ போவும்? கேளு, கேளு!"

வரிசையில் பதினைந்து பேர். அத்தனை பேருக்கும் கம்பெனி மேல் ஆளுக்கொரு கோபம். "சைபர்!" என்றார் ஹெல்மெட் ஆசாமி.

"தப்பு அண்ணாத்த. சரக்குன்னா ஒரு வெல கீது," என்று கண்டித்தார் ஏலக்காரர்.

படாளத்திலிருந்து வந்த அம்மாள் நூறு என்றார். யாரோ நூற்றைம்பது. பின்னால் ஒருவர் இருநூறு. இரைச்சல் கேட்டு உள்ளேயிருந்து ஓடிவந்த மேனேஜர், கம்பெனிச் சொத்து கைநழுவுகிறதே என்ற பதற்றத்தில் "நானூறு!" என்று கத்திவிட்டார்.

"நானூறு ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!" மேசையில் ஓங்கி ஒரு தட்டு. முடிந்தது.

மேனேஜர் வரிசையைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார். பிறகு, "சிரிக்காதம்மா, நானூறுக்கே பில்லப் போடு," என்று உள்ளே போய்விட்டார்.

பணத்தைக் கட்டி, புதுக் கனெக்ஷனுக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று. "பழைய பெட்டிய கட் பண்ணிடவா?" என்றாள் அந்தப் பெண்.

"வோணாம்மா. அதுவும் என் பேர்லயே ஓடட்டும். மாசாமாசம் நானே கட்டிடறேன்."

வெளியே வந்ததும், "பின்னே எதுக்கு இவ்வளவு சண்டை?" என்றேன்.

"அவன் போட்டா அது பில்லு. இது நானா குடுக்கறது சார்." பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "பெட்டி குப்பத்துல எங்க எதிர்வூட்டு பொம்பளைங்ககிட்ட கீது. மீன் வித்துட்டு வந்து, நாலு பேரும் என் வூட்டுக்காரிகூட குந்திகினுதான் சீரியல் பாப்பாளுங்க. இப்ப தெனம் போன் போட்டு இவளுக்குக் கத சொல்றாளுங்க. பேரச் சொன்னா அவளுங்க மேல பில்லு வுடுவான். அந்தக் கோவத்துல இவகிட்ட பேசாம பூட்டாளுங்கன்னா?"

இப்போது பக்கத்து வீட்டில் கேபிள் வந்துவிட்டது. ஏழு மணிக்கு அந்த அம்மாள் டி.வி.யைப் போட்டு, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, போனை ஸ்பீக்கரில் வைப்பார். குப்பத்திலிருந்து நான்கு குரல்கள் ஒரே மூச்சில் சீரியல் மாமியாரைத் திட்டும். அந்த அம்மாளும் சேர்ந்துகொள்வார். அந்த அரை மணி நேரம் ஏலக்காரர் வாசலில் உட்கார்ந்து, ஹாரன் அடிப்பவர்களைக் கையமர்த்திக்கொண்டிருப்பார். நானும் இப்போதெல்லாம் தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டுதான் வருகிறேன்.